ஹெச்-4ல் இருக்கும் துணைவருக்கு கிரீன் கார்டு: ஐ-140க்குப் பிறகு காத்திருப்பது மட்டும்தானா?

வைகைக்கரை:
அமெரிக்காவில் ஒருவர் ஹெச்-1பி (வேலை விசா), அவருடைய கணவரோ மனைவியோ ஹெச்-4 (துணைவர் விசா). இந்தக் குடும்பங்களுக்கு ஆபீஸ் வக்கீல் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது, இனி தேதி வரும்வரை இருங்கள்." ஹெச்-4ல் இருப்பவர் எங்கே பிறந்தார், என்ன படித்தார், கல்யாணம் எப்போது என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனி வக்கீலுக்குக் கம்பெனிதான் கட்சிக்காரர். துணைவர் அந்தக் கோப்பில் பெயரளவுக்குத்தான் வருகிறார்.

துணைவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எங்கே சிக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். படிவ எண், கட்டணம், தேதியோடு எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

கோப்புக்காரர்:
முதலில் கணக்கைப் பார்ப்போம். வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000. மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் இந்த எண்ணிக்கைக்குள்தான். தகுதி வாரியான பிரிவுகளான இபி-1, இபி-2, இபி-3 ஒவ்வொன்றுக்கும் 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,040. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் உச்சவரம்பு என்பதால் இந்தியாவுக்கு ஒரு பிரிவில் ஏறக்குறைய 2,800 எண்கள்தான் உறுதி. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்டது விழுந்தால் கூடும். நான்கு பேர் குடும்பம் நான்கு எண்ணை எடுத்துக்கொள்ளும். யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில், 2025 கடைசியில் இந்தியாவுக்கு இபி-2 இறுதித் தேதி 2013ஐத் தாண்டவில்லை. அதே பிரிவில் தனிப் பத்தி இல்லாத நாடுகளுக்கு 2023 டிசம்பரிலும் 2024 தொடக்கத்திலும் தேதி இருந்தது. பத்து வருட இடைவெளி.

இந்த இடைவெளியைச் சட்டப்படியே தாண்ட ஒரு வழி உண்டு. வரிசையில் எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதைப் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை, பிறந்த இடம் தீர்மானிக்கிறது. குடிவரவுச் சட்டத்தின் 202(பி) பிரிவுப்படி கணவன் மனைவி இருவரில் யாருடைய பிறந்த நாடு சாதகமோ அந்த நாட்டுக் கணக்கில் இருவரும் விண்ணப்பிக்கலாம். கிராஸ் சார்ஜபிலிட்டி என்பார்கள். கணவர் மதுரையில் பிறந்தவர், அவருடைய ஐ-140 இபி-2, ப்ரையாரிட்டி டேட் (வரிசையில் இடம் பிடித்த தேதி) 2019. மனைவி பிறந்தது சிங்கப்பூர். குடும்பம் முழுவதும் 2019 தேதியோடு சிங்கப்பூர் கணக்கில் போகலாம். மனைவி இன்று இந்தியக் குடியுரிமையோடு இருந்தாலும் பரவாயில்லை.

தமிழ்க் குடும்பங்களில் கொழும்பு, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், சிங்கப்பூர், குவைத், துபாய், மஸ்கட்டில் பிறந்தவர்கள் எத்தனையோ பேர். கல்யாணமாகி இந்தியப் பாஸ்போர்ட்டில் ஹெச்-4 எடுத்து வந்தவர்கள் தங்களையும் "இந்தியா வரிசை" என்றே நினைத்து வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எல்லா வழிக்கும் முன்னால் இருவருடைய பாஸ்போர்ட்டிலும் "பிறந்த இடம்" வரியைப் பாருங்கள்.

கரிசல்_மண்:
ஒரு சந்தேகம் அண்ணா. அப்பா அம்மா இரண்டு பேரும் திருநெல்வேலி. அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது பொண்ணு அங்கே பிறந்திருக்கு, மூணு வயசுல ஊருக்கு வந்தாச்சு. குவைத்காரங்க குடியுரிமையே தர்றதில்லையே, அதை எப்படிக் கணக்குல எடுப்பாங்க? அதே மாதிரி, பிள்ளை அமெரிக்காவுக்கு வெளியே வேற நாட்டுல பிறந்தா அதை அப்பா அம்மா பயன்படுத்தலாமா?

கோப்புக்காரர்:
குவைத் கணக்குதான். குடியுரிமை கிடைத்ததா, எத்தனை வருடம் இருந்தார் என்பது பொருட்டே இல்லை.

பிள்ளை விஷயத்தில் முடியாது. பெற்றோரின் நாடு பிள்ளைக்குப் பொருந்தும், பிள்ளையின் நாடு பெற்றோருக்குப் பொருந்தாது. மேலே ஏறாது.

இன்னொரு விதிவிலக்கும் இருக்கிறது. ஒருவர் பிறந்த நாட்டில் அவருடைய அப்பாவோ அம்மாவோ பிறக்கவும் இல்லை, அந்தச் சமயத்தில் அங்கே வசிக்கவும் இல்லை என்றால், பெற்றோரில் ஒருவர் பிறந்த நாட்டுக் கணக்கைக் கோரலாம். கொழும்பில் வசித்த, இலங்கையில் பிறந்த பெற்றோர் சிகிச்சைக்காகச் சென்னை வந்த இடத்தில் குழந்தை பிறந்துவிட்டது என்பது மாதிரியான நிலை. "வசிக்கவில்லை" என்பதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. பெற்றோரின் அந்தக் காலத்து விசா, வேலைக் கடிதம், கொழும்பு முகவரிச் சான்று எல்லாம் வேண்டும். சென்னையில் வீடு எடுத்துச் சில வருடம் இருந்திருந்தால் இந்த வாதம் நிற்பது கடினம்.

ஈழநிலா:
இலங்கையில பிறந்தவர்களுக்கு ஆவண விஷயம் சொல்லுறன். பதிவாளர் நாயகம் திணைக்களம் குடுக்கிற பிறப்புச் சான்றிதழின்ர உறுதிப்படுத்திய பிரதிதான் அடிப்படை. தமிழில அல்லது சிங்களத்தில இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, அதோட "இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது" எண்டு மொழிபெயர்த்தவர் கையெழுத்து வைச்ச உறுதிமொழி. பிரதியில பின்பக்கக் குறிப்பு, திருத்தக் குறிப்பு ஏதும் இருந்தால் அதையும் மொழிபெயர்க்க வேணும். அதை விட்டுட்டு அனுப்பினால் கூடுதல் ஆவணம் கேட்டு ஆர்எஃப்இ வரும்.

சிலருக்குப் பதிவே இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும். அதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. இந்த வழியில முழு வழக்கும் பிறந்த நாட்டிலதான் நிக்குது. பாடசாலைச் சேர்வுப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, பெற்றோரின்ர ஆவணம், பிறப்பை நேரடியாக அறிஞ்ச இரண்டு பேரின்ர சத்தியக் கடதாசி எண்டு சேர்த்து வையுங்கோ.

வளைகுடாவில பிறந்த ஆக்களுக்கும் இதே கதைதான். இந்தியத் தூதரகத்தில பிறப்பைப் பதிஞ்ச சான்றிதழ் துணை ஆதாரம். அந்த நாட்டு அரசு குடுத்த பிறப்புச் சான்றிதழ்தான் முதலாவது. அரபில இருந்தால் மொழிபெயர்ப்பு கட்டாயம். ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) போடுற மாதம் வந்தாப் பிறகு அதைத் தேடத் தொடங்கினால் அந்த மாதமே கையை விட்டுப் போயிடும். இண்டைக்கே எடுத்து வையுங்கோ.

வைகைக்கரை:
கோப்புக்காரர், இதை எந்தப் படிவத்தில் கேட்பது? கணவருடைய ஐ-140ல் இந்தியா என்றுதானே இருக்கும், அதைத் திருத்த வேண்டுமா?

கோப்புக்காரர்:
ஐ-140ஐத் தொடவே வேண்டாம். அதில் அவர் பிறந்த நாடு இந்தியா என்று இருப்பது உண்மைதானே. கோரிக்கை வைப்பது ஐ-485 கட்டத்தில்.

இருவருடைய ஐ-485ம் ஒரே உறையில் போக வேண்டும். மேலே ஒரு பக்கக் கடிதம். முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் கிராஸ் சார்ஜபிலிட்டி கோரிக்கை என்று போட்டு, முதன்மை விண்ணப்பதாரர் யார், எந்த நாடு, எந்தப் பிரிவு, ப்ரையாரிட்டி டேட் என்ன, அந்த மாத விசா புல்லட்டினில் அந்த நாட்டுக்கு என்ன தேதி என்று நான்கு வரி. புல்லட்டின் பக்கத்தை அச்செடுத்து அந்தக் கட்டத்தை வட்டமிட்டு வையுங்கள். அடுத்து மனைவியின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ். இவை மூன்றும் கணவருடைய பொதியிலும் இருக்க வேண்டும், மனைவியின் பொதியிலும் இருக்க வேண்டும். இரண்டு கோப்பும் பிரிந்து இரண்டு அதிகாரிகளிடம் போகலாம்.

மாதாமாதம் புல்லட்டினில் இரண்டு பட்டியல் வரும்: கிரீன் கார்டு தருவதற்கு இறுதித் தேதிப் பட்டியல், 485 போடுவதற்குத் தாக்கல் தேதிப் பட்டியல். அந்த மாதம் எதை வைத்துத் தாக்கல் செய்யலாம் என்று யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடிவரவு அலுவலகம்) தனியாக அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்க்காமல் அனுப்பித் திரும்பி வந்த பொதிகள் ஏராளம்.

இப்போதைய கட்டணம்: ஐ-485க்கு ஆளுக்கு 1,440 டாலர். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெற்றோரோடு சேர்த்துப் போட்டால் 950. அதோடு வேலை அனுமதி வேண்டுமென்றால் ஐ-765க்கு 260, பயண அனுமதிக்கு ஐ-131, 630. முன்பு இரண்டும் 485 கட்டணத்திலேயே அடங்கும். 2024 ஏப்ரல் 1க்குப் பிறகு அப்படி இல்லை. ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். 2025 அக்டோபர் கடைசியிலிருந்து காகிதச் செக் எடுப்பதில்லை. கார்டு என்றால் ஜி-1450, அமெரிக்க வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650, படிவத்துக்கு ஒன்று. கார்டு வரம்பு போதாமல் மறுக்கப்பட்டால் திரும்ப முயற்சி செய்ய மாட்டார்கள், பொதி அப்படியே திரும்பும். வங்கிக்கு முன்பே சொல்லி வரம்பை ஏற்றிவிடுங்கள்.

மருத்துவப் படிவம் ஐ-693ஐ 2024 டிசம்பர் 2 முதல் 485 உடனேயே வைக்க வேண்டும். பிறகு தரலாம் என்று விட்டால் நிராகரிப்பு. சிவில் சர்ஜன் (இந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற டாக்டர்) ஒட்டித் தரும் உறையைப் பிரிக்காதீர்கள், உங்களுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறு வயதில் பிசிஜி போட்டதால் டிபி பாசிடிவ் காட்டும் என்று நம்மவர்கள் பயப்படுவார்கள். இப்போது செய்வது ரத்தப் பரிசோதனை, பிசிஜி அதைப் பாதிக்காது. பாசிடிவ் வந்தால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். செயல்படாத டிபிக்காகக் கிரீன் கார்டை மறுப்பதில்லை.

எங்கே சிக்கும்? முதலாவது, அஞ்சல் அறையிலேயே "இந்தியாவுக்குத் தேதி வரவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். அதே கடிதத்தோடு, திருப்பி அனுப்பியது ஏன் தவறு என்று ஒரு பத்தி சேர்த்து மீண்டும் அனுப்ப வேண்டும். இரண்டாவது, ரசீது வந்தபின் கணினியில் இந்தியா என்றே பதிந்து கோப்பைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். ரசீது நோட்டீஸ் வந்ததும் அதிலுள்ள விவரத்தைப் பாருங்கள். வழக்கமான காலம் தாண்டியும் அசைவு இல்லையென்றால் சர்வீஸ் ரிக்வெஸ்ட், அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் மூலம் விசாரணை.

மூன்றாவதுதான் முக்கியம். கணவர் மனைவியின் நாட்டை எடுத்துக்கொண்டால் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் அப்ரூவல் தர முடியும். மனைவி ஊரிலேயே இருக்கிறார், பிறந்த நாட்டை மட்டும் கடனாகத் தருகிறார் என்பது நடக்காது. மனைவி ஏற்கனவே கிரீன் கார்டு வாங்கியவர் என்றாலும் பொருந்தாது.

பிளேனோ_மல்லிகை:
இருவருமே இந்தியாவில் பிறந்த குடும்பங்கள்தான் அதிகம், அவர்களுக்காக எழுதுகிறேன். கிரீன் கார்டு வரும்வரை துணைவர் வேலை செய்ய ஹெச்-4 இஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை. 2015 மே 26 முதல் அமலில் உள்ள விதி, வகை எண் சி26. கணவருடைய ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர் ஆறு வருடம் தாண்டி ஏசி21 சட்டத்தின் கீழ் நீட்டிப்பில் இருக்க வேண்டும். இதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது, விதி நிற்கிறது.

கட்டணம் ஐ-765 காகிதத்தில் 520 டாலர், ஆன்லைனில் 470. ஹெச்-4 நீட்டிப்புக்கு ஐ-539, காகிதத்தில் 470, ஆன்லைனில் 420. இணைப்பு: உங்கள் ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் பதிவு), கல்யாணச் சான்றிதழ், கணவருடைய ஹெச்-1பி அப்ரூவல், ஐ-140 அப்ரூவல். கம்பெனி ஐ-140 நோட்டீஸ் நகலைத் தரவில்லை என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள். ரசீது எண்ணைக் கொடுத்து, கிடைக்காத காரணத்தை எழுதி, மாற்று ஆதாரம் வைக்கலாம். தகவல் உரிமைச் சட்டப்படி யுஎஸ்சிஐஎஸ்ஸிடமே நகல் கேட்கவும் வழி உண்டு.

இப்போது அடிபடுவது புதுப்பித்தலில். 2025 அக்டோபர் 30 அன்றோ அதன்பிறகோ போட்ட புதுப்பித்தல் மனுக்களுக்குத் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. அட்டை முடிகிற நாளன்று புது அட்டை கையில் இல்லையென்றால் வேலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். "ரசீது இருக்கே" என்று ஒரு நாள் தொடர்ந்தாலும் அனுமதியில்லாத வேலை. முடிய 180 நாள் இருக்கும்போதே போடலாம், அந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ஹெச்-1பி நீட்டிப்போடு ஐ-539, ஐ-765 இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற நீதிமன்ற உடன்பாடு 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கணவருக்குப் பிரீமியத்தில் (கூடுதல் கட்டணம் கட்டும் வேக வழி) இரண்டே வாரத்தில் வந்தது, மனைவிக்கு மாதங்கள் ஆகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இஏடி உங்கள் ஹெச்-4 ஐ-94 தேதிக்கு மேல் போகாது. வெளிநாடு போய்த் திரும்பும்போது பாஸ்போர்ட் முடியும் தேதி வரைக்கும்தான் ஐ-94 போடுவார்கள். ஹெச்-1பி 2028 வரை இருந்தாலும் பாஸ்போர்ட் 2026ல் முடிந்தால் உங்கள் நிலையும் 2026 வரைதான். ஏர்போர்ட்டை விட்டு வந்த அன்றே ஐ-94ஐ இறக்கிப் பாருங்கள். அப்ரூவல் நோட்டீஸ் தேதியை நம்பி இருந்து, தெரியாமலேயே நிலை இழந்து, ஐ-485 சமயத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வேலைவழி 485க்கு 245(கே) என்ற சலுகை உண்டு: கடைசியாகச் சட்டப்படி உள்ளே வந்ததிலிருந்து மொத்தம் 180 நாள் வரையான மீறலை மன்னிக்கும், துணைவருக்கும் பொருந்தும். 180ஐத் தாண்டினால் இந்தச் சலுகை இல்லை.

கரிசல்_மண்:
அக்கா, ஹெச்-4ல இருக்கிறவங்க சொந்தமா ஹெச்-1பி எடுக்கிறது பிரயோஜனமா? ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு சொல்றாங்களே.

பிளேனோ_மல்லிகை:
2025 செப்டம்பர் 21 முதல் அமலான அந்த ஒரு லட்சம், வெளிநாட்டிலிருந்து வருபவருக்கான புது மனுவுக்கு. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே ஹெச்-4லிருந்து ஹெச்-1பிக்கு நிலை மாற்றமாகக் கேட்டு, அது அப்படியே அப்ரூவ் ஆனால் பொருந்தாது என்று யுஎஸ்சிஐஎஸ் அக்டோபர் 20 அன்று தெளிவுபடுத்தியது. ஆகவே மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பாதீர்கள். கிளம்பினால் நிலை மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகும், கட்டணம் வந்து நிற்கும்.

பலன் என்றால், இரண்டு. ஹெச்-4ல் கழிந்த வருடங்கள் உங்கள் ஹெச்-1பி ஆறு வருடக் கணக்கில் சேராது, முழு ஆறும் புதிதாகக் கிடைக்கும். கணவர் வேலை போனால் உங்கள் நிலை தனியாக நிற்கும். கணவருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசத்துக்குள் குடும்பம் உங்கள் பெயரில் ஹெச்-4க்கு மாறலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆறு வருடம் முடியும்போது கணவருடைய ஐ-140ஐக் காட்டி உங்கள் ஹெச்-1பியை நீட்டிக்க முடியாது. நீட்டிப்பு கேட்பவர் அந்த மனுவின் முதன்மைப் பயனாளியாக இருக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் அமலான விதி சொல்கிறது. உங்கள் பெயரில் பெர்ம் (ஐ-140க்கு முன் முதலாளி எடுக்கும் தொழிலாளர் சான்று) அல்லது ஐ-140 குறைந்தது 365 நாள் முன்பே தாக்கலாகியிருக்க வேண்டும், அல்லது ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மீண்டும் ஹெச்-4.

கோப்புக்காரர்:
அதனால்தான் இரண்டு பேர் பெயரிலும் ஐ-140 இருப்பது நல்லது என்கிறேன். தேதியை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ஆனால் யாருடைய தேதி முதலில் வருகிறதோ அவரை முதன்மையாக வைத்து மற்றவர் துணைவராக ஏறிக்கொள்ளலாம். கணவருக்கு 2019 இபி-2, மனைவிக்கு 2014 இபி-3 என்றால், கணவர் மனைவியின் கோப்பில் போவதுதான் புத்திசாலித்தனம். ஆண் பெயரில்தான் கோப்பு இருக்க வேண்டும் என்ற பழக்கத்தால் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஹெச்-4ல் வேலையே இல்லாமல் இருப்பவரும் ஐ-140 போடலாம். இபி-1ஏ (அசாத்தியத் திறமை), இபி-2 என்ஐடபிள்யூ (தேசிய நலன் விலக்கு) இரண்டிலும் முதலாளி தேவையில்லை. கட்டணம் 715, சுயமாகப் போடுபவருக்கு அசைலம் திட்டக் கட்டணம் 300, ஆக 1,015 டாலர். ஹெச்-4ல் இருப்பதற்கு இது இடைஞ்சல் இல்லை. இந்தியாவில் பிறந்தவருக்கு என்ஐடபிள்யூ புதுத் தேதியோடு இபி-2 வரிசையின் கடைசியில்தான் நிற்கும், அதற்காகச் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். ஆராய்ச்சி வெளியீடு, காப்புரிமை, துறையில் பெயர் உள்ளவர் இபி-1ஏ பார்க்கலாம். மனைவி மலேசியாவில் பிறந்த முனைவர் என்றால் கதையே வேறு. அவர் என்ஐடபிள்யூ போட்டு முதன்மையானால் கணவரும் மலேசியக் கணக்கில் துணைவராகப் போய்விடலாம், கணவர் கம்பெனி பெர்ம் தொடங்கவே இல்லையென்றாலும்.

நொய்யல்:
ஐ-485 போட்டு வேலை அனுமதியும் பயண அனுமதியும் வந்துவிட்டால் ஹெச்-4ஐ நீட்டிக்கத் தேவையில்லை, வீண் செலவு. வேலைக்கு இஏடி, பயணத்துக்கு அட்வான்ஸ் பரோல். அவ்வளவுதான்.

பிளேனோ_மல்லிகை:
அப்படிச் செய்யலாம் நொய்யல், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எதைக் கைவிடுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். இந்தியாவுக்குத் தேதி முன்னே வந்து பின்னே போவது வாடிக்கை. தாக்கல் செய்தபின் தேதி பின்வாங்கினால் 485 வருடக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். அதற்கிடையே ஏதோ காரணத்தால் 485 மறுக்கப்பட்டால், ஹெச்-4 இருப்பவர் அதிலேயே தொடர்வார். இல்லாதவர் அன்றே நிலையற்றவர். 2025 பிப்ரவரி 28 தேதியிட்ட கொள்கைப்படி, மனு மறுக்கப்பட்டுச் சட்டப்படி தங்கும் நிலையும் இல்லாதவர்களுக்கு நாடுகடத்தல் நீதிமன்ற நோட்டீஸ் அனுப்புகிறார்கள். ஐநூறு டாலருக்குள் முடிகிற ஐ-539ஐச் சேமிக்க இந்த அபாயத்தை எடுக்கத் தேவையில்லை.

485 வழியாக வரும் இஏடி வகை சி09, அதன் காலமும் 2025 டிசம்பரிலிருந்து அதிகபட்சம் 18 மாதமாகக் குறைந்துவிட்டது. சி26 கையில் இருந்தால் அதிலேயே வேலையைத் தொடருங்கள், ஹெச்-4 நிலை பற்றிக் கேள்வியே வராது. இன்னொன்று, கணவர் சி09 அட்டையை வைத்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அவருடைய ஹெச்-1பி போய்விடும், அதோடு உங்கள் ஹெச்-4ம் போகும். அவர் மாறுவது ஹெச்-1பி டிரான்ஸ்ஃபராக இருக்கட்டும்.

பயணத்தில், செல்லுபடியாகும் ஹெச்-4 விசாவோடு திரும்பி வந்தால் நிலுவையிலுள்ள 485 பாதிக்காது, பரோல் தேவையில்லை. ஆனால் 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 இருவருக்கும் சமூக வலைதளக் கணக்குகளைப் பொதுவில் வைக்கச் சொல்லி ஆய்வு செய்கிறார்கள், அதனால் விசா ஸ்டாம்பிங் அப்பாயின்ட்மென்ட்கள் தள்ளிப்போயின. பாஸ்போர்ட்டில் விசா முடிந்தவர்கள் கல்யாணம், காதுகுத்து என்று கிளம்புவதற்கு முன் அட்வான்ஸ் பரோல் கையில் இருப்பது நல்லது. ஹெச்-4, பரோல் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

வைகைக்கரை:
கல்யாணத் தேதி பற்றியும் யாராவது எழுதுங்கள். கிரீன் கார்டு வருகிற சமயத்தில் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில் இது பெரிய குழப்பம்.

கோப்புக்காரர்:
விதி ஒரே வரி: முதன்மை விண்ணப்பதாரரின் 485 அப்ரூவ் ஆகும் நாளுக்கு முன் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். முதல் நாள் நடந்திருந்தாலும் துணைவருக்கு அதே ப்ரையாரிட்டி டேட்டில் உரிமை உண்டு. மறுநாள் நடந்தால் இல்லை.

மறுநாள் நடந்தால் அது குடும்ப வழி: ஐ-130, எஃப்2ஏ பிரிவு, தனி வரிசை. கணவர் ஹெச்-1பியில் இல்லாததால் மனைவிக்கு ஹெச்-4ம் கிடையாது. எஃப்-1 (மாணவர் விசா) மாதிரி விசா கேட்டால் ஐ-130 நிலுவையில் இருப்பதே தடையாக நிற்கும். வரிசை வரும்வரை அல்லது கணவர் குடியுரிமை பெறும்வரை பிரிந்திருக்க நேரும். முகூர்த்தம் தள்ளிப்போனாலும் சட்டப்படிப் பதிவுத் திருமணத்தை முன்னதாக முடித்துக்கொள்வது நல்லது. 485 போட்டுவிட்டுத் தனியாக ஊருக்குப் போகும் மாப்பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனைவி ஊரில் இருக்கிறார், கல்யாணம் முன்பே ஆகிவிட்டது என்றால் கவலையில்லை. ஐ-824, கட்டணம் 590 டாலர், பின்தொடர்ந்து வரும் வழி. கணவருக்கு அப்ரூவ் ஆனபின் கோப்பு என்விசி (தேசிய விசா மையம்) வழியாக மும்பை துணைத் தூதரகத்துக்குப் போகும். ப்ரையாரிட்டி டேட் அப்போதும் நடப்பில் இருக்க வேண்டும் என்பதால், 485 நிலுவையில் இருக்கும்போதே 824ஐப் போட்டு வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வேலைவழித் துணைவருக்கு முதலிலேயே பத்து வருட அட்டைதான் வரும். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் நிபந்தனை அட்டை, பிறகு அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 என்பதெல்லாம் குடும்ப வழிக்குத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படாதீர்கள்.

தாமிரா:
பிள்ளைகள் 21ஐ நெருங்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. பெற்றோரின் கோப்பில் பிள்ளையாகத் தொடர, இறுதித் தேதிப் பட்டியலில் விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்தால் 21க்குக் கீழ் வர வேண்டும், அதன்பின் ஒரு வருடத்துக்குள் 485 அல்லது அதற்கு இணையான படி எடுக்க வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து தாக்கல் தேதிப் பட்டியலையும் கணக்கில் எடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் தாக்கலாகும் 485களுக்கு அது இல்லை. கிராஸ் சார்ஜபிலிட்டி கிடைக்கும் குடும்பம் அதைக் கோராமல் இருந்தால் பிள்ளைக்கு இந்த ஒரு வருடமும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

பேசத் தயங்கும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்-4 நிலையும் துணைவர் 485ம் கல்யாணத்தோடு கட்டப்பட்டவை. அப்ரூவலுக்கு முன் விவாகரத்து ஆனால் இரண்டும் முடிந்தது. இதை வைத்தே "ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டும் வீடுகள் உண்டு. வன்முறைக்கு உள்ளான ஹெச்-4 துணைவருக்கு ஐ-765வி என்ற தனிப் படிவத்தில் வேலை அனுமதி உண்டு, மிரட்டுபவரின் கையெழுத்து தேவையில்லை. மிரட்டுபவர் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர் என்றால் ஐ-360 சுயமனு போடலாம். விவாகரத்துக்கும் வன்முறைக்கும் தொடர்பு இருந்தால், அது முடிந்து இரண்டு வருடத்துக்குள்ளும் போடலாம். பாஸ்போர்ட், ஐ-94, ஐ-797 (அப்ரூவல் நோட்டீஸ்), கல்யாணச் சான்றிதழ் நகல்களை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கணவருடைய லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது.

முதன்மை விண்ணப்பதாரர் இறந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று பெட்டி கட்டியவர்கள் இருக்கிறார்கள். 204(எல்) பிரிவுப்படி, இறப்பின்போது அமெரிக்காவில் வசித்து, தொடர்ந்தும் வசிக்கும் துணைவரும் பிள்ளைகளும் அந்த ஐ-140ன் பேரிலேயே தொடர வழி இருக்கிறது. அந்தத் துக்கத்திலும் உடனடியாக ஒரு குடிவரவு வக்கீலைப் பாருங்கள், வெளியேறிவிடாதீர்கள்.

நொய்யல்:
தமிழ்நாட்டு ஆவணங்கள் பற்றி நான் சேர்க்கிறேன். 485ல் நம்மவர்களுக்கு வரும் ஆர்எஃப்இ பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழால்தான். பிறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு பதிந்தது என்றால் அது மட்டும் போதாது என்பார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்பை அறிந்த இரண்டு பெரியவர்களின் பிரமாணப் பத்திரம் சேருங்கள். பதிவே இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது தாலுகா அலுவலகத்தில் பதிவு இல்லை என்ற சான்று வாங்கி அதையும் வைக்க வேண்டும். குழந்தை பெயர் இல்லாமல் "ஆண்", "பெண்" என்று மட்டும் உள்ள பழைய சான்றிதழில் முதலில் பெயர் சேர்த்துப் புதுப் பிரதி வாங்குங்கள்.

இனிஷியல் அடுத்த தலைவலி. சான்றிதழில் "எஸ். மீனாட்சி", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் சர்நேம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி என்றால் விசாவில் பெயர் முழுவதும் சர்நேமுக்குப் போய் முன்னால் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும், அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். 485ல் "வேறு பெயர்கள்" பகுதியில் இந்த வடிவங்கள் அத்தனையையும் எழுதுங்கள். முடிந்தால் தாக்கலுக்கு ஒரு வருடம் முன்பே இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை சர்நேம், கிவன் நேம் பிரித்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் வேண்டும். கோவில் ரசீது, மண்டப பில், பத்திரிகை, ஆல்பம் எல்லாம் துணை ஆதாரம். 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதன்பின் 60 நாள் தாமதக் கட்டணத்தோடு. சான்றிதழில் கல்யாணத் தேதி, பதிவுத் தேதி இரண்டும் இருக்கும். எல்லாப் படிவத்திலும் கல்யாணத் தேதியையே எழுதுங்கள். ஹெச்-4 எடுக்கும்போது ஒன்றும் 485ல் வேறொன்றும் எழுதினால் நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.

கரிசல்_மண்:
கோப்புக்காரர் அண்ணா, கடைசியா ஒண்ணு. 485 ஏற்கனவே இந்தியா கணக்குல போட்டு நிலுவையில இருக்கு. இப்பத்தான் மனைவி மஸ்கட்ல பிறந்தவங்கன்னு பார்த்தோம்னா, மறுபடியும் முதல்ல இருந்து போடணுமா?

கோப்புக்காரர்:
வேண்டாம். இருவருடைய 485ம் நிலுவையில் இருந்தால் அவற்றிலேயே கோரலாம். இரண்டு ரசீது எண்களையும் போட்டு, அதே நான்கு வரிக் கடிதம், ஓமான் அரசின் பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, கல்யாணச் சான்றிதழ் இணைத்து, கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே அனுப்புங்கள். ஆன்லைன் கணக்கில் கோப்பு இணைந்திருந்தால் அதில் கேட்கப்படாத ஆதாரமாகவும் ஏற்றுங்கள். ஒரு மாதம் கழித்து, கோரிக்கை கோப்பில் சேர்ந்ததா என்று சர்வீஸ் ரிக்வெஸ்ட் போட்டுக் கேளுங்கள். மனைவி இன்னும் 485 போடவில்லை என்றால் மட்டும் அவருடையதைப் புதிதாக, கணவரின் ரசீது நகலோடு அனுப்ப வேண்டும். அதற்குள் மனைவியின் ஐ-94 முடிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.